மருந்து போட்ட கிணறு

…எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், முந்தானையால், துண்டால், வேட்டி நுனியால், முன் இருக்கைக்காரர் கையில் இருந்த வெற்றிலைக் கட்டை அப்படியே முகத்தோடு சேர்த்துக்கொண்டார், அதைப் பார்த்த பிறகுதான் பஸ் தோல் கிடங்குகளைக் கடந்துகொண்டிருக்கிறது என்று சேதுபதிக்குத் தெரிந்தது, அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தாமும் மூக்கில் வைத்துக்கொண்டார், கொஞ்சம் பிந்திவிட்டதோ, யாராவது கவனித்திருப்பார்களோ, பக்கத்து அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள், இல்லை, கவனிக்கவில்லை… நாற்றம் வருகிறதா என்று கைக்குட்டையைச் சற்று விலக்கிப் பார்த்தார், தொண்டையில் ஏதோ கனமாக இறங்குகிறது, அது நாற்றம்தானா, அல்லது இத்தனை வருஷமாகத் திண்டுக்கல்லில் குடியிருந்து இந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் பழகிப்போன ஞாபகமா, சுண்ணாம்புக் குழியில் ஊறும் தோல், ஆவாரம்பட்டைச் சாறு, கழிவு ஓடும் வாய்க்கால், ஒவ்வொன்றாக மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தால் வருகிற மாதிரித்தான் இருக்கிறது, சும்மா இருந்தால் ஒன்றுமில்லை, வெறும் காற்று, பங்குனி மாதத்துச் சூட்டுக் காற்று. கிடங்குகள் தாண்டிவிட்டன, முந்தானைகள் இறங்கின, அவரும் கைக்குட்டையை இறக்கினார், இந்த முறை பிந்தவில்லை.

காலையில் பால் தீய்ந்துபோனது. அடுப்புக்கு எதிரே மணையில் உட்கார்ந்து ஆபீஸ் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார், பால் பொங்கி வழிந்து, வற்றி, அடிப்பிடித்து, கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த சொர்ணலட்சுமி அங்கிருந்து ஓடி வந்தாள், “ஏங்க, மூக்குக்கு நேரா அடுப்பு இருக்கு, பால் தீயிறது தெரியலையா?” என்று கேட்டவள் அப்படியே நின்று அவரைப் பார்த்தாள், மனைவி கணவனைப் பார்க்கிற பார்வை இல்லை அது, வீட்டுக்குள் வந்துவிட்ட அந்நியனைப் பார்க்கிற பார்வை. ஆபீஸ் ஞாபகம் என்றார். அவள் நம்பவில்லை. போன வருஷம் ஊரில் பாதிப் பேரைப் படுக்கப்போட்ட அந்த ஃப்ளூ சுரத்தில் அவரும் படுத்தார், எழுந்தபோது ரசம் வெந்நீராக இருந்தது, சரியாகிவிடும், சுரம் போனால் வாய்க்கு ருசி வரக் கொஞ்சம் நாளாகும் என்று நினைத்தார், கொஞ்சம் வந்தது, சில நாள் காப்பி வரும், சில நாள் கற்பூரம் வரும், ஆனால் அதைவிடப் பயமாக இருந்தது வேறொன்று, ஒரு மத்தியானம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது மல்லிகைப்பூ வாசனை குப்பென்று வந்தது, கூடை கூடையாகக் கொட்டியதுபோல, எழுந்து ஜன்னலைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், எங்கேயும் ஒரு பூ இல்லை. பொருள் இருக்கிறது, வாசனை இல்லை… வாசனை இருக்கிறது, பொருள் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? கணக்குத் தணிக்கை செய்கிறவனுக்குக் கண் இருந்தால் போதும், மூக்கு எதற்கு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார், இந்த விவகாரம் கையில் வரும்வரை.

போன சித்திரையில் குஜிலியம்பாறைப் பக்கத்து ஊர்களில் வாந்திபேதி விழுந்தது. மழை இல்லாமல் கிணறெல்லாம் அடியில் கலங்கிக் கிடந்த சமயம், ஒரு ஊரில் தொடங்கி அடுத்த ஊருக்குப் போவதற்குள் அந்த ஊரில் அழுவதற்கு ஆள் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். கிணறுகளில் போட பிளீச்சிங் பவுடர் வேண்டும், உடனே வேண்டும், டெண்டர் விட்டு, நாலு பேரிடம் விலை கேட்டு, சாம்பிளைப் பரிசோதனைக்கு அனுப்பி, பதில் வந்து வாங்குகிற நேரமா அது? அவசர நிலைமையை முன்னிட்டு எல்லா விதிகளிலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. அதில் சேதுபதிக்கு ஒரு குறையும் தோன்றவில்லை, விதி எழுதியவனுக்கும் பிள்ளைகுட்டி இருந்திருக்கும், இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்துத்தான் அந்த விலக்கையும் எழுதி வைத்திருக்கிறான். ஒரே ஒரு நிபந்தனை, பொறுப்பான ஒருவர் சரக்கைக் கண்ணால் பார்த்து, சரியான சரக்குதான் என்று கையெழுத்துப் போடவேண்டும். சானிட்டரி இன்ஸ்பெக்டர் பெருமாள்சாமி போட்டிருந்தார். இப்போது, எல்லாம் ஓய்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில், வாங்கியது வாங்கியதுதானா, போட்டது போட்டதுதானா என்று பார்ப்பது சேதுபதியின் வேலை. யார் மேலும் சந்தேகம் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பக்கத்து ஆள் யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறானாம், மருந்து மருந்தாக இல்லை என்று. அவ்வளவுதான்.

இன்று காலை நேராகப் போய் மிச்சமிருக்கும் சரக்கைப் பார்த்தார். மலைக்கோட்டைக்குப் பின்பக்கம், பாறை நிழல் பொழுதுக்கும் விழுகிற ஒரு பழைய லாயம், குதிரை கட்டிய காலம் போய் இப்போது சாமான் போட்டு வைக்கிற இடம், உள்ளே நுழைந்ததும் வெளியே இருந்த வெயில் பொய்யோ என்று தோன்றும்படி ஒரு குளிர்ச்சி. காவல்காரன் பேர் மூக்கையா. அந்தப் பேரைக் கேட்டதும் சேதுபதிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. கடப்பாரையால் நெம்பி ஒரு டிரம்மின் மூடியைத் திறந்தான், திறந்த கையோடு நாலடி தள்ளிப் போய்த் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டான். வெள்ளையாக இருந்தது, மாவு மாதிரி. சேதுபதி குனிந்தார். ஒன்றுமில்லை. இன்னும் குனிந்தார், மூக்கு நுனியில் மாவு ஒட்டுகிற அளவுக்கு. ஒன்றுமில்லை. “வாடை ரொம்ப அடிக்குதோ மூக்கையா?” என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார். “அடிக்குதுங்களே சாமி, நெஞ்சக் கமறுது,” என்று இரண்டு தரம் இருமிக் காட்டினான். அந்த மருந்துக்குக் கண்ணில் தண்ணீர் வரவேண்டும், அவருக்குத் தெரியும், அவன் கண்ணைப் பார்த்தார், காய்ந்த கண். “நான் வாரதுக்கு முந்தி, நேத்து, முந்தாநாள் எல்லாம் அடிச்சுச்சா?” அவன் கொஞ்சம் யோசித்தான். “அப்ப கவனிக்கல சாமி. ஆபீசர் வந்து தெறந்து பாக்கவும்தான் அடிக்குது.” பொய் சொல்கிறான் என்று தோன்றவில்லை. அதுதான் திக்கென்றது, அவனுக்கு நிஜமாகவே அடிக்கிறது.

இரண்டாவது டிரம்மின் அடியில் துருப்பிடித்து ஒரு ஓட்டை. மூடியைத் திறந்தால் மாவுக்கு நடுவில் கிண்ணம் போலப் பள்ளம், சாக்குப் பிசிர் பரப்பி, அதற்குள் எலிக்குஞ்சுகள், கண் திறக்காத குஞ்சுகள், ரோஸ் நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, மூச்சு விட்டுக்கொண்டு. மேலெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. குளிப்பாட்டித் துவட்டிப் பவுடர் போட்டு யாரோ தூங்க வைத்த மாதிரி. உயிரைக் கொல்லுகிற மருந்து, கிணற்றுத் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டால் கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் செத்துப்போகும் என்கிற மருந்து, அதில் ஒரு எலி நம்பி வந்து பிரசவித்திருக்கிறது… மூக்கையாவும் எட்டிப் பார்த்தான், துண்டை எடுக்கவில்லை, “கலிகாலம்” என்றான், அவ்வளவுதான், எதற்கு அப்படிச் சொன்னான் என்று புரியவில்லை. அவன் அந்தப் பக்கம் திரும்பியபோது சேதுபதி விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். சின்ன வயசில் சேவுகம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குத் தெரியாமல் கடித்துத் தின்ற சிலேட்டுப் பல்பம், அதே பல்பம், மண்ணும் மாவுமாகப் பல்லில் நறநறத்தது. நாக்கு எரியவில்லை. ஆனால் அந்த நாக்கையும் எப்படி நம்புவது? ரசத்தை வெந்நீர் என்று சொன்ன நாக்குதானே அது?

வெளியே வந்து பெருமாள்சாமியைப் பார்த்தார், லாயத்து வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார், மெலிந்த மனிதர், பல் விளக்கும்போதுகூட யோசனையாகவே இருப்பார் என்று தோன்றும் முகம். அவரைப் பற்றி ஊரில் நல்லபடியாகத்தான் சொல்கிறார்கள், சொந்தக்காரனே பிணத்தை விட்டு ஓடின அந்த நாளில் இவர் தோளில் போட்டுக்கொண்டுபோய்ப் புதைத்தாராம், இவர் போகாத வீடு இல்லையாம். எலிக்குஞ்சைப் பற்றிச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. “வருசம் ஆகப்போகுது சார். இந்த மருந்து காத்துப் பட்டுச்சுன்னா வீரியம் போயிரும், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். இப்ப எடுத்து மெட்ராசுக்கு அனுப்புனீங்கன்னா சுண்ணாம்புன்னுதான் எழுதுவான். அன்னைக்கு அது என்னவா இருந்துச்சுன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது சார்.” உண்மைதான், அது புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை ஏன் அவ்வளவு வருத்தமாகச் சொன்னார்? தப்பித்துக்கொண்டவன் சொல்கிற மாதிரி இல்லையே, எதையோ தொலைத்தவன் சொல்கிற மாதிரி அல்லவா இருந்தது… சைக்கிளில் ஏறப் போனவர் இறங்கினார். “குஜிலியம்பாறைப் பக்கம் கரட்டுக்களத்துல அய்யம்மாள்னு ஒரு பொம்பள இருக்கு. மருந்து போட்டதப் பத்தி அந்தம்மாட்டக் கேளுங்க சார். நீங்களே போயி, நேருல கேளுங்க.” ஏன் அய்யம்மாள்? ஏன் நேரில்? கேட்பதற்குள் போய்விட்டார்.

எரியோட்டைத் தாண்டியது பஸ், சோளத்தட்டை அறுத்த வெற்று நிலம், அங்கங்கே வேலிமுள், தூரத்தில் கரடு, வெயில் கண்ணாடித் தகடு மாதிரி தரையோடு ஒட்டிக் கிடந்தது, பக்கத்து அம்மாள் மடியைப் பிரித்துப் பொரி தின்றாள், அவருக்கும் ஒரு கை நீட்டினாள், வாங்கித் தின்றார், பொரிக்கு எப்போதும் ருசி கிடையாது, பொரி தின்னும்போது மட்டும் அவரும் மற்ற மனிதர்களும் ஒன்று. கரட்டுக்களத்துக்கு விலக்கில், ரோடு பிரிகிற இடத்தில், இறங்கி நடக்கவேண்டும் என்றாள், யாரைப் பார்க்க என்று கேட்டாள், அய்யம்மாள் என்றார், பொரி மென்ற வாய் நின்றது. “அங்கிட்டு யாரும் போறதில்லையே அய்யா,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊர் என்றால் ஒரே தெரு. முதல் வீட்டுக் கதவில் பூட்டு. அடுத்த வீட்டிலும் பூட்டு, திண்டுக்கல் பூட்டு, மாம்பழம் கனத்தில், வெயில் பட்டுப் பட்டு நிறம் மாறி. வயல் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தவர் மூன்றாவது வீட்டின் பூட்டைக் கிட்டத்தில் பார்த்தார், சாவித் துவாரத்தில் குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டியிருந்தது. போன சித்திரையில் பூட்டியது. பூட்டினவர்கள் யார், செத்தவர்களைத் தூக்கிப் போனவர்களா, சாவி இப்போது எந்த மண்ணுக்குள் கிடக்கிறது… உள்ளே சாமான் எல்லாம் அப்படியே இருக்குமா, உலையில் வைத்த பானை, விரித்த பாய்? நடையை வேகமாக்கினார், வேகமாக நடந்தால் தம்முடைய செருப்புச் சத்தம் அந்தப் பூட்டின கதவுகளில் பட்டுத் திரும்பி வந்தது, மெதுவாக நடந்தால் வரவில்லை, அதனால் மெதுவாக நடந்தார். தெருக்கோடியில் கிணறு, அதற்குப் பக்கத்தில் திறந்த கதவுள்ள ஒரு வீடு, வாசலில் கடலைக்கொட்டை உடைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை, நாற்பத்தைந்து வயது இருக்கும், அவளுக்குச் சற்றுத் தள்ளி நிறைமாதக் கர்ப்பிணியாக இன்னொருத்தி.

“அய்யம்மாள்ங்கிறது…”

“நாந்தான். வாங்க சாமி, நெழலுக்கு வாங்க. இன்ஸ்பெட்டரு சொல்லிவிட்டாரா?” எழுந்து கட்டிலைத் தட்டிப் போட்டாள். “இது எம் மருமக, முத்துப்பேச்சி. மகன் கரூருப் பக்கம் சோலிக்குப் போயிருக்கான். இம்புட்டு வெயில்ல வந்திருக்கீகளே, செத்த நேரம் உக்காருங்க.” கேட்பதற்கு முன்பே கிணற்றில் வாளியை விட்டாள், இறங்கிக்கொண்டே இருந்தது கயிறு, தண்ணீர் அவ்வளவு கீழே, ஒரு செம்பில் மொண்டு கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார். தொண்டை காய்ந்துதான் கிடந்தது. ஆனால் கை செம்பை வாய்க்குக் கொண்டுபோகவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டது, அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

“இன்ஸ்பெட்டரும் குடிக்க மாட்டாரு சாமி,” என்றாள். “மாசந் தவறாம வந்து பாத்துட்டுப் போவாரு, மருமகளுக்குக் கீரை, பழம்னு கொண்டாருவாரு, எங்க வீட்டுத் தண்ணி மட்டும் தொட மாட்டாரு. வயித்துக்குச் சேராதும்பாரு. செத்த நேரம் ஒக்காந்திருப்பாரு, எதோ சொல்ல வந்தவரு கணக்கா மொகத்தப் பாப்பாரு, பெறகு வாரேம்மான்னு போயிருவாரு. நல்ல மனுசன். எம் மகளக் குழிக்குள்ள எறக்குனது அவருதான். மகனும் அப்பக் கரூருலதான் கெடந்தான், அன்னைக்கு இந்தத் தெருவுல ஆம்பளன்னு வேற யாரு இருந்தா?” அவள் அழவில்லை, குரல் ஏறவில்லை, கடலைக்கொட்டையைத் தோலோடு விரலில் உருட்டிக்கொண்டே சொன்னாள், சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். முதலில் ஊரில் காய்ச்சல் மாதிரித்தான் தொடங்கியது, பிறகு பேதி, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லித் தமுக்கடித்தார்கள், கொதிக்க வைத்தார்கள், எல்லா வீட்டிலும் கொதிக்க வைத்தார்கள், சித்திரை வெயிலில் வெந்நீரை எத்தனை நாளைக்குத்தான் குடிப்பது, விறகுக்கும் பஞ்சம், பிறகு ஒரு நாள் ஜீப்பில் டிரம் வந்தது, கிணற்றில் மருந்து போட்டார்கள், மறுபடியும் தமுக்கு, மருந்து போட்டாயிற்று, இனிப் பயப்படவேண்டாம். “அன்னைக்குச் சாயங்காலமே எம் மக கேட்டா சாமி, ஆத்தா, பச்சத் தண்ணி குடும்மான்னு. அதுவரைக்கும் அவளுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருந்தா, எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல. நாந்தான் மொண்டு குடுத்தேன். இந்தக் கையாலதான் குடுத்தேன். குடிச்சிட்டு, என்ன ஆத்தா, தண்ணி இம்புட்டு இனிப்பா இருக்குன்னா.” தண்ணீர் இனித்தது. மருந்து போட்ட தண்ணீர் நாக்கை உறுத்தும், மூக்கைத் துளைக்கும், முதல் நாள் குடிக்கவே முடியாது… அது இனித்ததாம். தெருவில் பார்த்த பூட்டுகள் ஞாபகம் வந்தன, தமுக்குச் சத்தம் கேட்டு அடுப்பை அணைத்த வீடுகள், நம்பி அணைத்த வீடுகள், மருந்து என்று ஒன்று வராமலே இருந்திருந்தால் வெந்நீரோடு பிழைத்திருக்கக்கூடிய வீடுகள். சேதுபதியின் உள்ளங்கையில் செம்பு வியர்த்தது. அவர் தேடி வந்தது கிடைத்துவிட்டது. இதை எழுதவேண்டியதுதான், இவள் வாய்மொழியை எழுதி, கீழே இவள் கைநாட்டை வாங்கி…

“ஊருல சிலது என்னென்னமோ பேசுது சாமி,” என்று அய்யம்மாள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். “கெணத்துல போட்டது மருந்தே இல்லையாம், சும்மா மாவாம். இன்ஸ்பெட்டர்ட்டக் கேட்டா தலையக் குனிஞ்சுக்கிறாரு. நீங்க பெரிய ஆபீசு, இதப் பாக்கத்தான வந்திருக்கீக. போட்டது மருந்துதானே சாமி? மருந்துன்னா, அது ஆண்டவன் விட்ட வழி. மாவுன்னா…” கையை விரித்து அதையே பார்த்தாள், மேலே சொல்லவில்லை. முத்துப்பேச்சி கடலைக்கொட்டை உடைப்பதை நிறுத்தியிருந்தாள். எங்கேயும் ஒரு சத்தம் இல்லை, ஒரு காக்கை, ஒரு கோழி, ஒன்றும் இல்லை, தெரு முழுக்கப் பூட்டிய கதவுகள் எல்லாம் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அது வந்தது. எங்கிருந்து என்று தெரியாமல், சூடாக, ஊசி மாதிரி, மூக்குத்தண்டு வழியாக ஏறிக் கண்ணுக்குப் பின்னால் குத்தியது, பிளீச்சிங் பவுடர் வாடை, சந்தேகமே இல்லை, ஆஸ்பத்திரியில், ரயில்வே கக்கூஸில், திருவிழாச் சாக்கடையில் அடிக்கிற அதே வாடை, காலையில் இரண்டு டிரம்மிலும் குனிந்து குனிந்து தேடினது, மடியில் இருந்த செம்பிலிருந்து எழுந்தது, ஒரு வருஷமாக எதுவும் போடாத கிணற்றின் தண்ணீரிலிருந்து. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இது இல்லாதது, எனக்குத் தெரியும் இது இல்லாதது, அன்றைக்கு மல்லிகை வந்த மாதிரி… ஆனால் அடிக்கிறதே, நெஞ்சு கமறுகிறதே.

“என்ன சாமி? கண்ணு கலங்குது?”

“மருந்து வாடை,” என்றார் சேதுபதி. குரல் தன்னுடையது மாதிரி இல்லை. “இன்னும் மருந்து வாடை அடிக்குதும்மா.”

அய்யம்மாள் கிணற்றடிக்குப் போனாள். பிறகு வாளிக்குள் தலையைக் கவிழ்த்து மோந்தாள், ரொம்ப நேரம், மூச்சை இழுத்து இழுத்து. நிமிர்ந்தபோது அந்த முகம் வேறு முகமாக இருந்தது, பத்து வயது குறைந்த மாதிரி, யாரோ பின்னால் நின்று தோள் சுமையை இறக்கி வைத்த மாதிரி. “ஆமா சாமி… அடிக்குது. லேசா அடிக்குது. ஏத்தா முத்துப்பேச்சி, இங்கிட்டு வா, மோந்து பாரு.” முத்துப்பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள், குனிந்தாள், மாமியார் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். “ஆமாத்த. அடிக்குது.” அவளுக்கும் அடிக்கிறது, மூக்கைச் சுளித்தாள், முந்தானையைக் கொண்டுபோனாள். அய்யம்மாள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், “ஒரு வருசமா இந்தத் தண்ணியத்தான குடிக்கிறேன், எனக்குத் தெரியாமப் போச்சே சாமி, நீங்க வந்து சொல்லவுந்தான் தெரியுது.” சேதுபதி செம்பை எடுத்து மடமடவென்று குடித்தார், கடைசிச் சொட்டு வரைக்கும், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்யமுடியும்? குடித்தபோது வாடை போய்விட்டது. வெறும் தண்ணீர், குளிர்ச்சியாக, லேசாக இனித்தது.

கைநாட்டு வாங்கவில்லை. எழுந்துகொண்டார். வாசல் தாண்டினதும் முத்துப்பேச்சியின் வயிறு நினைவுக்கு வந்து சட்டென்று திரும்பினார், பங்குனி போய்ச் சித்திரை வரப்போகிறது, தண்ணீர் அடியில் போய்விட்டது, போன வருஷமும் இப்படித்தானே… “இருந்தாலும் தண்ணியக் காய்ச்சியே குடிங்கம்மா. மாசமா இருக்கிற பிள்ளை, கட்டாயம் காய்ச்சிக் குடுங்க.” அய்யம்மாள் இன்னொரு வாளி இறக்கிக்கொண்டிருந்தாள், திரும்பாமலே சிரித்தாள். “மருந்துதான் அம்புட்டும் அப்படியே இருக்கே சாமி, பெறகு எதுக்குக் காய்ச்சணும்? நீங்களே பச்சத் தண்ணியத்தான குடிச்சீக.” அவர் வாயைத் திறந்தார். இல்லையம்மா, அது என் மூக்கு, எனக்கு மூக்கில் ஒரு கோளாறு, இல்லாத வாசனை வரும் என்று சொல்லவேண்டும், சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று தெரியும், அந்தக் கேள்விக்கு அவள் தன் கையைத்தான் பார்ப்பாள். இரண்டாம் தரமும் சொன்னார், “எதுக்கும் காய்ச்சுங்க,” சத்தமில்லாமல், தமக்கே கேட்டதா என்று தெரியாமல். கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது.

விலக்கில் பஸ் வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்தார், கரடு பின்னால் போயிற்று, என்ன எழுதுவது என்று யோசித்தார், பரிசோதனை செய்யவில்லை என்று எழுதலாம், விதி கேட்கவில்லையே, எலிக்குஞ்சு என்று எழுதலாம், வீரியம் போயிற்று என்பார்கள், மருந்து உரிய கிணற்றில் போடப்பட்டதா என்று நேரில் போய் விசாரித்தீர்களா என்று கேட்டால்… போட்டிருக்கிறார்கள், இன்றைக்கும் வாடை அடிக்கிறது, மூன்று பேர் மோந்து பார்த்தோம். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. நாளைக்கே திரும்ப வந்து சொல்லிவிடவேண்டும், நாளைக்கு இல்லையென்றால் இந்த வாரத்துக்குள், சொந்தமாக வந்து, உட்கார்ந்து, பதமாக எடுத்துச் சொன்னால் அவள் புரிந்துகொள்வாள், காய்ச்சுவதற்கு மட்டுமாவது சம்மதிக்க வைத்துவிடலாம், போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது, அந்தப் பெண்ணுக்கு ஆயக்குடிக் கொய்யாப்பழம் கொஞ்சம்… என்று நினைத்தவரின் மனசு அங்கேயே நின்றது. கீரை, பழம். மாசம் தவறாமல். முகத்தைப் பார்த்தபடி செத்த நேரம். பெருமாள்சாமி அந்த வீட்டுக்கு எதற்காகப் போகிறார் என்று தெரிந்துவிட்டது, இத்தனை மாசமும் ஒவ்வொரு தடவையும் என்ன சொல்லப் போனார், என்ன சொல்லாமல் திரும்பினார் என்று. அப்படியானால் இன்று காலை, சைக்கிளிலிருந்து இறங்கி, நீங்களே போய் நேரில் கேளுங்கள் என்றது, தன்னால் முடியாததை இவராவது சொல்லிவிடட்டும் என்றுதானா…

“டிக்கெட்,” என்றார் கண்டக்டர், இரண்டு தரம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

“திண்டுக்கல்,” என்றார் சேதுபதி. பிறகு, “இந்த விலக்குக்குத் தினமும் பஸ் உண்டா?”

“தெனமும் உண்டு சார்,” என்று டிக்கெட்டைக் கிழித்தார் கண்டக்டர். “இன்ஸ்பெட்டர் சாரும் இதுலதான் வருவாரு. நீங்களும் இனி வந்து போகணுமா?”